தெருவும் காலனியும்

கல்லூரிச் சேர்க்கை நாட்களில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணி ஆண்டுதோறும் எனக்கு வாய்க்கும். சென்ற ஆண்டு ஒரு மாணவன் முகவரிப் பகுதியில் கதவு எண்ணையும் ஊர்ப்பெயரையும் எழுதிவிட்டுத் தெருவின் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். கேட்டதற்கு, "எங்களுக்குத் தெரு இல்லைங்க ஐயா, காலனிதான்" என்றான். அவன் குரலில் இருந்த தயக்கம்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

வழியைக் குறிக்கும் சொற்களுக்கு எங்கள் உத்தமபாளையத்தில் பஞ்சமில்லை. கோவிலைச் சுற்றினால் வீதி. வீடுகள் எதிரெதிரே நின்றால் தெரு. இரு சுவர்களுக்கு நடுவே ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும் என்றால் முடுக்கு. தோப்புகளுக்குள் வண்டிப்பாதை, மலையடிவாரத்தில் ஒற்றையடிப்பாதை. மலையேறிக் கேரளத்துக்குள் இறங்கும் இடங்களுக்குக் கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று பெயர். பழந்தமிழில் அதர், இயவு, கவலை, மறுகு, ஆவணம் எனப் பட்டியல் இன்னும் நீளும். 'ஆறு' என்பதற்கே வழி என்றொரு பொருள் உண்டு. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையின் பெயர் அதிலிருந்து வந்ததே. மதுரையின் அகன்ற தெருவை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் ஆற்றுக்கு உவமித்ததை இந்தப் பின்னணியில் படித்தால் சுவை கூடும்.

ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படி வரலாறு உண்டு. ஸ்ட்ரீட், இலத்தீனில் கல் பரப்பிய வழியைக் குறித்த சொல்லின் வழிவந்தது. உரோமானியர் பிரித்தானியாவில் அமைத்த நெடுவழி இன்றும் வாட்லிங் ஸ்ட்ரீட் என்றே வழங்குகிறது. ரோடு என்ற சொல்லின் வேர் குதிரைச் சவாரியில் இருக்கிறது. ரெய்டு அதன் உடன்பிறப்பு. பூலவார் என்பது கோட்டை அரணைக் குறித்த சொல். பாரிசில் பழைய மதில்களை இடித்துவிட்டு அந்த இடத்தில் அகன்ற வழிகள் அமைத்தபோது அரணின் பெயர் வழிக்கு வந்து சேர்ந்தது.

இதற்கு நேர் இணை நம் மதுரையில் இருக்கிறது. 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அங்கே எழுந்தவையே வெளி வீதிகள். பணியை மேற்பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் வீதிப் பெயர்களாக வாழ்கிறார்கள். மேஸ்திரி என்பதே போர்த்துக்கீசியம் தந்த சொல். உள்ளே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திருவிழாக் காலங்கள் வீதிகளாகியிருக்க, வெளியே ஒரு கோட்டையின் அழிவு வீதியாகியிருக்கிறது.

சாலையின் பயணமும் இப்படித்தான். காந்தளூர்ச் சாலை என்னும்போது அது வழியன்று. கல்வி நிலையம் என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். அறச்சாலை, பாடசாலை, தொழிற்சாலை ஆகியவற்றில் அந்தப் பழைய பொருள் நிலைத்திருக்கிறது. பின்னாளில் இருமருங்கும் மரங்கள் நிற்கும் பெருவழியும் சாலை எனப்பட்டது. இராணி மங்கம்மாள் (1689-1706) பெயரால் தென்பாண்டி நாட்டில் வழங்கும் சாலையை நினைத்தால் அதனுடன் மர நிழலும் சத்திரமும் நினைவுக்கு வரும். அவென்யூவும் முதலில் வந்தடையும் வழியைக் குறித்து, பின்னரே மர வரிசை கொண்ட வழியைக் குறித்தது. இன்று வயலை மனைகளாக்கி விற்போர் ஒரு மரமும் இல்லாத பொட்டலுக்கு அவென்யூ என்று பலகை நடுகிறார்கள்.

இனி அந்த மாணவனின் சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் 'கொலோனியா' என்பது உழுது குடியமர்ந்தோரின் ஊர். நகரங்களில் அலுவலர் காலனி, ஆசிரியர் காலனி என்றால் மதிப்பான முகவரி. அதே சொல் கிராமத்துக்கு வந்ததும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தலித் மக்களின் குடியிருப்பைச் சுட்டும் பெயராயிற்று. அதற்கு முன் அந்த இடத்தில் நின்ற சொல் சேரி. இராசராசன் தஞ்சைக் கோவிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். அங்கே சேரி இழிசொல்லன்று. ஆனால் அவன் கல்வெட்டுகளிலேயே தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் இருக்கின்றன. ஆக, ஆயிரமாண்டு கழித்து ஆங்கிலச் சொல் ஒன்று வந்து அதே வேலையைப் பார்த்திருக்கிறது.

மலைக்கு அப்பால் வைக்கத்தில் 1924-25இல் நடந்த போராட்டம் கோவிலுக்குள் நுழைவதற்காக அன்று. கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக. பெரியார் அதற்காக இருமுறை சிறை சென்றார். தெரு என்ற சொல்லுக்குள் யார் நடக்கலாம் என்ற கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் காலனி என்ற சொல் நீக்கப்படும் எனத் தமிழ்நாட்டு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான அரசாணையும் வந்தது. பெயரை மாற்றினால் மனம் மாறிவிடுமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மாறாதுதான், சேரி போய்க் காலனி வந்த கதையே அதற்குச் சான்று. ஆயினும் விண்ணப்பத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விடும் பதினெட்டு வயதுப் பையனுக்கு, கூசாமல் எழுத ஒரு பெயர் கிடைப்பது சிறிய செய்தியன்று.

அன்று அவனிடம் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்து, உங்கள் பகுதியை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "நாங்க சும்மா தெருன்னுதான் சொல்லிக்குவோம்" என்றான். அதையே எழுதச் சொன்னேன்.