மால்பெக்குக்கு 92 மார்க்... போட்டது யார் நாக்கு? - அர்ஜென்டினா ஒயின் டேஸ்டிங் கைடு

ஒயின் பரீட்சையில் ஃபெயில் ஆவது ரொம்பக் கஷ்டம். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும் பிரபலமான முறையில், பாட்டில் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாலே 50 மார்க். பெயரும் நம்பரும் எழுதியதற்கே பாதி மார்க்! மீதியில் நிறத்துக்கு 5, வாசனைக்கு 15, ருசிக்கும் அது நாக்கில் தங்கும் நேரத்துக்கும் 20, மொத்தத் தரத்துக்கும் இன்னும் மெருகேறும் வாய்ப்புக்கும் 10. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர், 1978-ல் தொடங்கிய 'ஒயின் அட்வகேட்' பத்திரிகை மூலம் உலகம் முழுக்கப் பரப்பிய கணக்கு இது.

நடைமுறையில் 80-க்குக் கீழே வாங்கிய பாட்டிலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. உண்மையான சண்டை 85-க்கும் 95-க்கும் நடுவில்தான். 90-ஐத் தொட்டால் பாட்டில் கழுத்தில் ஸ்டிக்கர், கடையில் கண்ணுக்கு நேரான ஷெல்ஃப். 89 என்றால்... ஒரு மார்க்கில் சென்டம் போன பையனின் நிலைமைதான்.

இந்த மார்க் விளையாட்டு எந்த நாட்டின் தலையெழுத்தை அதிகம் மாற்றியது என்று கேட்டால், என் ஓட்டு அர்ஜென்டினாவுக்கு. பிரான்ஸுக்கு ஊர் பெயரே விளம்பரம். மால்பெக் என்ற பெயரைக் கேள்விப்பட்டிராத ஒருவரை அந்த பாட்டிலை வாங்க வைக்க ஒரு நம்பர் தேவைப்பட்டது.

பிரான்ஸ் கைவிட்ட திராட்சை

மால்பெக் பிறந்தது தென்மேற்கு பிரான்ஸில். மெண்டோசா மாகாணத்தில் ஒரு நாற்றுப் பண்ணையும் விவசாயப் பள்ளியும் தொடங்க வேண்டும் என்று, பின்னாளில் ஜனாதிபதியான டொமிங்கோ சார்மியென்டோ முயற்சி எடுத்தார். அதற்கான மசோதா மாகாண சட்டசபைக்கு வந்த நாள் 1853 ஏப்ரல் 17. பண்ணையை நடத்த வந்த பிரெஞ்சு வேளாண் நிபுணர் மிஷேல் பூஜே, மூட்டை கட்டிக்கொண்டு வந்த கொடிகளில் ஒன்று மால்பெக். இன்று ஏப்ரல் 17-ஐ 'உலக மால்பெக் தினம்' என்று கொண்டாடுவது இதனால்தான்.

அதன்பின் பிரான்ஸின் திராட்சைக் கொடிகளை வேர்ப்பேன் தின்று தீர்த்தது. தப்பிப் பிழைத்த மால்பெக் கொடிகளில் பெரும்பகுதியை 1956-ன் கடும் உறைபனி கொன்றது. கொடி மிச்சமிருந்தது ஆண்டிஸ் மலையடிவாரத்தில்.

ஆனா அங்கேயும் அதற்கு ராஜ மரியாதை கிடைக்கவில்லை. 1970-களில் ஓர் அர்ஜென்டினாக்காரர் வருடத்துக்குச் சராசரியாகக் குடித்தது சுமார் 90 லிட்டர். இவ்வளவு குடிக்கிற ஊரில் தரத்தை யார் கேட்பது? பிறகு பீரும் கூல் டிரிங்க்ஸும் வந்தன, ஒயின் விற்பனை சரிந்தது, கொடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 1990-களின் நடுவில் மிஞ்சிய மால்பெக் சுமார் 10,000 ஹெக்டேர்தான். இன்று அது 40,000 ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. அந்த நாட்டுக்காரர்கள் இப்போது குடிப்பதோ வருடத்துக்கு 20 லிட்டருக்கும் கீழே. ஆக, இந்தக் கொடிகளுக்குச் சோறு போடுவதில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பெரிய பங்கு. வெளிநாட்டுக்காரர் பார்ப்பது எதை? மார்க்கை!

மலையேறிய ஒயின்

மெண்டோசா கிட்டத்தட்ட பாலைவனம். வருட மழை சுமார் 200 மில்லிமீட்டர்; சென்னைக்குக் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்கு. ஆண்டிஸ் பனி உருகிவரும் தண்ணீரை வாய்க்கால்களில் திருப்பித்தான் விவசாயம். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த உவார்பே மக்கள் இப்படி வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இங்கே பெரிய வில்லன் ஆலங்கட்டி மழை. பத்து நிமிடம் பெய்தால் ஒரு வருட உழைப்பு காலி. அதனால் தோட்டங்களுக்கு மேலே வலை கட்டியிருப்பார்கள்.

பொருளாதாரம் படித்த நிக்கோலஸ் கடேனா, 1992-ல் ஊகோ பள்ளத்தாக்கின் குவால்டயாரி பகுதியில், ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் கொடி நட்டார். "அந்தக் குளிரில் பழம் பழுக்காது" என்பதே அப்போதைய பொது அபிப்பிராயம். பழுத்தது. அதுவும் நன்றாகவே பழுத்தது!

உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். புற ஊதாக் கதிர் அதிகம். பழம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தோலைத் தடிமனாக்கிக்கொள்கிறது. நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. இரவில் குளிர் இறங்குவதால் புளிப்பு கரைந்து போகாமல் நிற்கும். ஊத்துக்குளியில் வெண்ணெய், மணப்பாறையில் முறுக்கு என்று நாம் சொல்வதுபோல, அவர்கள் மீட்டர் கணக்கில் உயரத்தைச் சொல்கிறார்கள். சில பாட்டில்களின் லேபிளிலேயே உயரம் இருக்கும்.

மால்பெக்கை ருசிப்பது எப்படி?

முதலில் ஃப்ரிட்ஜ். "ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்" என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீட்டுக்குச் சொன்னது. 32 டிகிரி அறையில் வைத்தால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். தேவை 16 முதல் 18 டிகிரி. கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அதை ஒட்டி வந்துவிடும். ஒயிட் என்றால் 8 முதல் 12. ரொம்ப ஜில்லென்று ஆக்கிவிட்டால் வாசனை வாயை மூடிக்கொள்ளும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பிடியுங்கள். இள மால்பெக் என்றால் நடுவில் கருநீலம், ஓரத்தில் பளிச்சென்ற மெஜந்தா. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

சுற்றுவதற்கு முன் ஒருமுறை முகருங்கள், சுற்றிய பின் ஒருமுறை. இங்கேதான் எனக்கு ஒரு வாக்குமூலம் இருக்கிறது. முதன்முதலாக ஒரு டேஸ்டிங்குக்குப் போனபோது, "வயலெட் பூ, பிளாக்பெர்ரி" என்று பக்கத்துத் தாளைப் பார்த்து அப்படியே காப்பியடித்தேன். வயலெட் பூவை நான் வாழ்நாளில் முகர்ந்ததே இல்லை! பிளாக்பெர்ரி? ஐஸ்க்ரீமில் பார்த்ததோடு சரி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியர் 1980-களில் 'வாசனைச் சக்கரம்' ஒன்றை உருவாக்கினார். "கம்பீரமானது", "நளினமானது" மாதிரி வழுக்கும் வார்த்தைகள் அதில் கிடையாது. முகர்ந்து சரிபார்க்கக்கூடிய பொருள்களின் பெயர் மட்டுமே. அதே விதியை நம் மூக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு மால்பெக்கில் தெரிவது நாவல்பழம், ஊறவைத்த கறுப்பு திராட்சை, கொஞ்சம் கோகோ. ஓக் பீப்பாயில் இருந்ததென்றால் வெனிலாவும் கிராம்பும். உங்களுக்கு வேறு ஏதாவது தெரிந்தால் அதை எழுதுங்கள், தப்பில்லை.

அடுத்து வாய். பலர் "கசக்குது" என்று சொல்வது பெரும்பாலும் கசப்பே அல்ல, துவர்ப்பு. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெரிய விளக்கம் தேவைப்படும். நமக்கு அறுசுவையிலேயே பெயர் இருக்கிறது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு வறண்டு இழுக்கும். கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, அதிகம் கொதித்த பால் இல்லாத டீ... அதே உணர்வுதான். நல்ல மால்பெக்கில் இந்தத் துவர்ப்பு சொரசொரப்பாக இல்லாமல் வெல்வெட் மாதிரி வழவழவென்று இருக்கும். மெண்டோசாக்காரர்கள் இதைச் சுட்ட மாட்டிறைச்சியோடு குடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினின் முரட்டுத்தனத்தை அடக்கிவிடும்.

பிறகு? துப்ப வேண்டும். ஆமா, துப்பத்தான். ஒரே நாளில் பல டஜன் ஒயின்களுக்கு மார்க் போடுபவர்கள் விழுங்கினால் பத்தாவதிலேயே கதை முடிந்துவிடும். 14% உள்ள மால்பெக்கில் 150 மில்லி என்பது, நம்ம ஊர் விஸ்கியில் ஒன்றரை ஸ்மாலுக்கும் மேல். "ஒயின்தானே" என்று நினைக்க இதில் ஒன்றுமில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

பொய் சொல்லும் டொரொன்டெஸ்

ஒயிட்டில் அர்ஜென்டினாவின் சொந்தச் சரக்கு டொரொன்டெஸ். மற்றவை பெரும்பாலும் வந்தேறிகள், இது மண்ணின் மகள். மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவும் ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த கிரியோஜா சிகாவும் அங்கே இயற்கையாகக் கலந்து பிறந்தது என்று டி.என்.ஏ சோதனை காட்டியிருக்கிறது. வடக்கே சால்டா மாகாணத்தின் காஃபயாதேவில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் விளைவதற்குத்தான் மவுசு அதிகம்.

முகர்ந்தால் மல்லிகை, பன்னீர் ரோஜா, ஆரஞ்சுத் தோல். 'சரி, ஜூஸ் மாதிரி இனிக்கும்' என்று மனசு தயாராகிவிடும். வாயில் வைத்தால் இனிப்பே இல்லை! எலுமிச்சைப் புளிப்பும் முடிவில் லேசான கசப்பும். மூக்கு ஒன்று சொல்ல, நாக்கு வேறொன்று சொல்லும். அந்த வாசனைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று லினலூல். மல்லிகையில் இருப்பதும், நம் வீட்டுத் தனியாவில் நிறைய இருப்பதும் இதேதான். தனியாவை லேசாக இடித்து முகர்ந்துவிட்டு டொரொன்டெஸை முகர்ந்தால், உறவு தெரிகிறதா பாருங்கள்.

இதை வாங்கி வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். ஓரிரு வருடத்தில் குடிக்க வேண்டியது. இதில்தான் மார்க் முறையின் ஓரவஞ்சனை தெரியும். 'வருங்காலத்தில் மெருகேறுமா' என்று கேட்டு மார்க் போடும் தாளில், இன்றைக்கே ஜொலிப்பதற்காகப் பிறந்த டொரொன்டெஸ் எப்படி முதல் ரேங்க் வாங்கும்? பெரிய பட்டியல்களின் உச்சியில் இதைப் பார்ப்பது அபூர்வம். அர்ஜென்டினாவில் ஒயின் தயாரிப்பியலில் பட்டம் பெற்ற முதல் பெண்ணான சுசானா பால்போ, பீப்பாயில் நொதிக்க வைத்து இதற்குக் கனம் கூட்டியிருக்கிறார். ஒயிட்டில் கனமான மார்க் எல்லாம் பெரும்பாலும் குவால்டயாரியின் ஷார்டொனேவுக்குப் போகிறது.

மார்க்குக்காக மாறிய ருசி

1990-கள், 2000-களில் அதிக மார்க் வாங்கிய ஸ்டைல் ஒன்று இருந்தது. நன்றாகப் பழுத்த பழம், புது ஓக் பீப்பாய், ஆல்கஹால் தூக்கல். மாணவர்கள் கேள்வித்தாளுக்கு ஏற்றபடி படிப்பதைப்போல, பல தயாரிப்பாளர்களும் அதையே பின்பற்றினார்கள். விளைவு, எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் ஜாமும் வெனிலாவும். என் கணக்கில் அது விலை அதிகமான சலிப்பு. அதற்கு எதிர்ப்பும் அங்கேயே கிளம்பியது. ஊகோவில் செபாஸ்டியன் சுக்கார்டி போன்றவர்கள் ஓக்கை ஓரங்கட்டிவிட்டு, கான்கிரீட் தொட்டிகளுக்கு மாறினார்கள். ஓக்கின் வாசனை ஏறாமல், மண்ணின் ருசி தெரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இன்னொரு வேடிக்கை. 2018-ல் 'ஒயின் அட்வகேட்' அர்ஜென்டினாவுக்கு 100-க்கு 100 கொடுத்தபோது, அதை வாங்கியவற்றில் ஒன்று 'கிரான் எனிமிகோ குவால்டயாரி 2013'. அதில் நாயகன் மால்பெக் அல்ல, கேபர்நே ஃப்ராங்க்!

சரி, மார்க் போடுபவரை யார் சோதிப்பது? கலிஃபோர்னியாவில் சின்ன ஒயினரி வைத்திருந்த, புள்ளியியல் தெரிந்த ராபர்ட் ஹாட்ஜ்சன் சோதித்தார். ஒரே ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கி, இன்னொன்றில் வெறுங்கையோடு திரும்புவது அவரை உறுத்தியது. மாநிலக் கண்காட்சிப் போட்டியில் நடுவர்களுக்கே தெரியாமல், ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: மூன்றுக்கும் ஒரே மெடல் தரத்தில் மார்க் போட்ட நடுவர்கள் சுமார் 10% மட்டுமே. அதற்கு முன்பே, 2001-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 54 மாணவர்களுக்குச் சிவப்புச் சாயம் கலந்த ஒயிட் ஒயினைக் கொடுத்தார்கள். ஒயின் படிக்கும் அந்த மாணவர்களே ரெட் ஒயினுக்கான வார்த்தைகளால் அதை வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

லேபிளில் நம்பலாம் என்று நான் சொல்வது சட்டம் கட்டுப்படுத்தும் வார்த்தைகளை. அர்ஜென்டினாவில் 'ரெசர்வா' என்றால் ரெட் குறைந்தது 12 மாதம், ஒயிட் 6 மாதம் பதப்பட்டிருக்க வேண்டும். 'கிரான் ரெசர்வா'வுக்கு அது இரட்டிப்பு. லேபிளில் திராட்சையின் பெயர் இருந்தால், குறைந்தது 85% அந்தத் திராட்சை. அங்கே அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்பதால், ஒரே வருடம் போட்ட ஐரோப்பிய ஒயினைவிட அது அரை வருடம் மூத்தது.

வீட்டில் நண்பர்களோடு மார்க் போடுவதென்றால் 20-க்குப் போடுங்கள், 100 வேண்டாம். வாசனைக்கு 6, ருசிக்கு 6. புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால் மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருந்தால் 4. வாயை விட்டுப் போன பின்னும் ருசி நின்றால் 4. விநாடியை எண்ணிப் பார்த்தே இந்தக் கடைசி நாலைப் போடலாம். நிறத்துக்கு மார்க் கிடையாது. பாட்டில்களை நியூஸ்பேப்பரில் சுற்றி நம்பர் போடுங்கள். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது; முதலில் பேசுபவரின் மல்லிகை எல்லோர் மூக்கிலும் ஏறிவிடும். விலையும் கடைசியில்தான்.

ஊற்றிக் கொடுப்பவருக்கு மட்டும் ஒரு ரகசிய வேலை. மால்பெக், பொனார்டா, கேபர்நே ஃப்ராங்க் என்று மூன்று ரெட் எடுத்துக்கொண்டால், நான்காவது கிளாஸில் முதல் பாட்டிலையே மறுபடி ஊற்றுங்கள். உங்கள் தாளில் 1-க்கும் 4-க்கும் இரண்டு மார்க்குக்குள் வித்தியாசம் இருந்தால், அந்தப் போட்டியின் நடுவர்கள் பலரைவிட உங்கள் நாக்கு ஸ்டெடி. ஏழெட்டு வித்தியாசம் வந்தால், தாளை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது.