கொரியரும் பச்சை குத்துதலும்: ஒரு வெறுப்பின் வரலாறு

மக்கள் தம் உடலை அணிசெய்து கொள்ளும் முறைகள் பலவாகும். அவற்றுள், அணிந்தபின் களைதற்கு இயலாத அணி பச்சை குத்துதல் ஒன்றே எனலாம். பூவும் பொன்னும் ஆடையும் இரவில் களையப்படும். தோலினுள் புகுந்த மையோ உடலொடு வாழ்ந்து உடலொடு மாயும். ஆகவே, ஒரு மக்களினம் பச்சையை எவ்வாறு நோக்கிற்று என ஆராய்தல், அவ்வினம் உடலை எவருடைய உடைமையாகக் கருதிற்று என ஆராய்தலேயாம்.

ஆசிரியத் தொழில் முதலியன பற்றிச் சென்று கொரிய நாட்டில் தங்கும் மேலைநாட்டார், தம் கையிலுள்ள பச்சையை நீண்ட சட்டைக்குள் மறைக்க நேர்வது கண்டு வியப்புறுகின்றனர். அயல்நாடுகளிற் சென்று வாழும் கொரிய இளைஞருட் சிலரோ, ஆங்குக் குத்திக்கொண்ட பச்சையொடு தாயகம் மீளுங்கால், பெற்றோர்முன் கைநீட்டத் தயங்குகின்றனர். இவ்வேறுபாட்டிற்குப் பலரும் கூறும் காரணம் ஒன்றே. கொரியர் கன்பூசிய நெறியினர். பெற்றோர் ஈந்த உடலை ஊறுபடுத்தலாகாது என்பது அந்நெறி. ஆதலின் அவர் பச்சையை வெறுக்கின்றனர் என்பர். இக்காரணம் பொய்யன்று, ஆயின் போதியதும் அன்று. பச்சை குத்தும் ஊசி எவர் கையில் இருந்தது என்னும் வினாவை எழுப்பினாலன்றி இவ்வெறுப்பின் வரலாறு விளங்காது என்பது எம் கருத்து. அதனை ஈண்டுச் சான்றுகளால் நிறுவ முயல்வாம்.

பழஞ்சான்று

கொரிய மொழியில் பச்சைக்கு வழங்கும் பெயர் ‘முன்சின்’ என்பது. சீன எழுத்தால் அமைந்த இச்சொல்லுக்குக் கோலமிட்ட மெய் என்பது பொருள். பெயரளவில் இஃது இழிவு ஒன்றும் குறித்திலது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சென் சௌ என்னும் சீன ஆசிரியர் தொகுத்த மூவரசு வரலாற்றில், கீழைநாட்டு மக்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. கொரியத் தீவக்குறையின் தென்பால் வாழ்ந்த மாகான் மக்களுள் ஆடவர் சிலர் பச்சை குத்தியிருந்தனர் என அது குறிக்கின்றது. தென்கடலை அடுத்து வாழ்ந்த பியொன் மக்களுள் ஆடவர் பெண்டிர் இருபாலாரும், அண்மையிலிருந்த சப்பானியத் தீவினரைப் போலப் பச்சை குத்தியிருந்தனர் என்றும் அந்நூல் கூறும். அத்தீவினர் நீரில் மூழ்கி மீன் பிடிக்குங்கால் கொடிய நீர்வாழ் உயிர்களினின்றும் தம்மைக் காத்தற்பொருட்டே முதற்கண் பச்சை குத்தினர் எனக் காரணமும் காட்டும்.

இக்குறிப்புகள் சிலவே, எழுதியவரும் அயலாரே. எனினும் ஒன்று தெளிவு. பச்சை கொரிய மண்ணுக்கு என்றுமே அயலானது என்னும் கூற்று இச்சான்றின்முன் நில்லாது.

கன்பூசிய நெறியின் ஆட்சி

உடலும் மயிரும் தோலும் பெற்றோர் தந்தவை. அவற்றை ஊறின்றிக் காத்தல் பெற்றோரைப் பேணுதலின் தொடக்கம் எனும் கருத்து, கன்பூசியரின் மக்கட்கடன் நூலில் உள்ளது. 1392இல் தோன்றிய சோசன் அரசு கன்பூசிய நெறியையே அரசநெறியாகக் கொண்டது. 1895இல் ஆடவர் தம் உச்சிக்குடுமியைக் களைதல் வேண்டுமென ஆணை பிறந்தபொழுது நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. தலையைக் கொடுப்பினும் குடுமியைக் கொடேன் என்னும் கருத்துப்படச் சே இக்கியொன் என்னும் அறிஞர் உரைத்தமை வரலாற்றிற் புகழ்பெற்றது. நூற்கருத்து மக்கள் நெஞ்சில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

ஆயினும் அவ்வேர் ஒருநாளில் ஊன்றியதன்று. சோசன் அரசு தோன்றி ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஆடவர் காது குத்திக் குழை அணியும் வழக்கம் அந்நாட்டில் நிலவிற்று. 1572இல் சொன்சோ மன்னர் அதனைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். பெற்றோர் தந்த உடலை ஊறுபடுத்தலாகாது என்பதே அவ்வாணை காட்டிய காரணம். மக்கள் செய்யாத ஒன்றை அரசு தடுப்பதில்லை. நூல் விதித்தது ஒன்று; மக்கள் வாழ்ந்தது மற்றொன்று; இரண்டையும் இணைத்தது அரசாணை என்பது இதனாற் புலப்படும். ஆதலின், நூற்கருத்து ஒன்றே பச்சையின்மேல் வெறுப்பை விளைத்தது எனல் சாலாது.

இருவகை ஊசிகள்

சோசன் அரசில் ஊசி இருவர் கையில் இருந்தது. ஒன்று தண்டிக்கும் அரசின் கை. மற்றொன்று காதலர் கை.

அரசின் ஊசியை முதற்கண் காண்போம். சீனத்து மிங் அரசின் தண்ட நூலைச் சோசன் அரசு பின்பற்றிற்று. களவு செய்தார்க்கு முதற்குற்றத்தில் வலக்கையிலும், இரண்டாம் குற்றத்தில் இடக்கையிலும் களவு என்னும் பொருள்தரும் எழுத்துகளைக் குத்துதல் அந்நூலின் விதி. மூன்றாம் முறை கொலைத்தண்டமே. இவ்வெழுத்துக் குத்தலுக்குச் ‘சாசா’ என்பது பெயர். ஈண்டு மை கோலமாகாது குற்றப் பட்டியலாயிற்று. தண்டம் முடிந்து மீண்டவன் எவ்வூர் சென்றாலும் அவன் கையே அவனைக் காட்டிக்கொடுத்தது. 1740இல் யொங்சோ மன்னர் இத்தண்டத்தை ஒழித்தார்.

தண்டம் ஒழிந்தது, சொல் ஒழிந்திலது. கடுமையாகத் திட்டு வாங்குதலையும் தண்டனை பெறுதலையும் குறிக்கக் கொரியர் இன்றும் ‘கியொங்சிதா’ என்னும் வினையை வழங்குகின்றனர். அதன் முற்பகுதியாகிய ‘கியொங்’ என்பது பச்சைத் தண்டத்தைக் குறிக்கும் சீனச் சொல்லே என அந்நாட்டு அகராதி கொள்கிறது. 1740இல் அரசு கைவிட்ட ஊசியைப் பேச்சுமொழி இன்றளவும் கைவிடாமை சொல்லாராய்ச்சியாளர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனிக் காதலர் ஊசி. காதல் கொண்டார் ஒருவர் பெயரை மற்றவர் கையிற் பொறித்துக்கொள்ளும் வழக்கம் சோசன் காலத்தில் இருந்தது. சொங்சொங் மன்னர் காலத்து அரச நாளேடுகளில் ஓயூதொங் என்னும் உயர்குடிப் பெண்ணின் வழக்கு விரித்துரைக்கப்படுகிறது. பலருடன் உறவு கொண்டாள் எனக் குற்றம் சாட்டப்பட்ட அவள், காதலர் பெயர்களைத் தன் உடலிற் பொறித்திருந்தாள் என அவ்வேடு கூறும். 1480இல் அவள் கொலைத்தண்டம் பெற்றாள். தண்டத்திற்குக் காரணம் பச்சையன்று. எனினும் அன்பின் அடையாளமாகிய அப்பெயர்களே நாளேட்டில் ஒழுக்கக்கேட்டின் சான்றாக ஏறின.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். சப்பானிலும் 1720 முதல் 1870 வரை பச்சைத் தண்டம் இருந்ததன்றோ? ஆங்கு அழகுப் பச்சை ஓங்கி வளர்ந்தது எவ்வாறு என வினவலாம். வினா பொருத்தமுடையதே. ஆங்குத் தீயணைப்போரும் கூலித் தொழிலாளரும் முதுகு நிறையப் பச்சை குத்திக்கொள்வதைத் தம் பெருமையாகக் கொண்டனர். அதனைக் கலையாகப் பயின்ற கைவினைஞர் மரபும் இருந்தது. அரசின் ஊசிக்கு எதிரே மக்களின் ஊசி ஒன்று நின்றது. சோசன் நாட்டில் அத்தகைய கைவினைஞர் மரபு ஓங்கவில்லை. தண்டம் இருந்தமை மட்டுமன்று, தண்டத்திற்கு எதிர்நின்ற மரபு இன்மையும் வெறுப்பு நிலைபெறக் காரணமாயிற்று எனக் கொள்ளல் தகும்.

போர்க்காலமும் பின்னும்

இருபதாம் நூற்றாண்டில் ஊசி மீண்டும் ஆற்றலுடையார் கைக்குச் சென்றது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் சிறைப்பட்டோர் கோஜேத் தீவு முதலிய இடங்களில் வைக்கப்பட்டனர். அம்முகாம்களில் பொதுவுடைமை எதிர்ப்பு முழக்கங்கள் சிறைப்பட்டோர் பலருடைய உடலிற் குத்தப்பட்டன. விரும்பிக் குத்திக்கொண்டோரும் உளர். வன்முறையாற் குத்தப்பட்டோரும் உளர். அவ்வெழுத்துகளை உடலிற் கொண்டவன் பொதுவுடைமை நாட்டிற்கு மீளுதல் அரிதாயிற்று. சீனச் சிறைப்பட்டோருள் 14,000க்கு மேற்பட்டோர் 1954இல் தைவான் சென்றனர். தாயகம் மீள விரும்பாதாரின் கருத்தறியும் பொறுப்பு நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவிடம் இருந்தது. அதற்குத் தலைமை பூண்டவர் இந்தியப் படைத்தலைவர் திம்மையா. தோலில் எழுதப்பட்டது உள்ளத்தின் விருப்பமா, பிறர் வன்மையா எனப் பிரித்தறியும் அரிய பணி நம் நாட்டாருக்கும் நேர்ந்தது.

போருக்குப் பின்னர், குழுவாய் இயங்கிய வன்முறையாளர் தம் உடலில் பெரும் பச்சைகளைக் குத்திக்கொண்டனர். பச்சையும் குற்றமும் ஒன்றெனும் எண்ணம் மீண்டும் உரம்பெற்றது. 1980இல் படையாட்சியினர், சமூகத் தூய்மை என்னும் பெயரால் ஏறக்குறைய 40,000 பேரைச் ‘சம்சொங்’ முகாம்களுக்கு அனுப்பினர்; உடலிற் பச்சை உண்மையும் பிடிபடுதற்கு ஒரு காரணமாயிற்று. பலர் கூடும் இடத்தில் அச்சுறுத்தும் பச்சையை வேண்டுமென்றே காட்டி வெறுப்பூட்டுதல் அந்நாட்டுச் சிறுகுற்றச் சட்டத்தின்படி தண்டத்திற்குரியது. உடலிற் பெரும்பகுதி பச்சை குத்தியோர் முழுப் படைப்பணிக்கு ஏலாதவராக 2021 வரை ஒதுக்கப்பட்டனர். பெற்றோர் மகனின் பச்சையைக் கண்டு அஞ்சினர் எனின், அவர் அஞ்சியது பழநூல் விதி ஒன்றற்கு மட்டுமன்று. தம் வாழ்நாளிற் கண்ட அரசிற்கும் ஆகும்.

மருத்துவர் கையில் ஊசி

1992இல் கொரிய உச்சநீதிமன்றம், பச்சை குத்துதல் மருத்துவச் செயலே எனத் தீர்ப்பளித்தது. மருத்துவரல்லாதார் அதனைச் செய்தல் குற்றமாயிற்று. அவ்வழக்கு முதுகிற் குத்திய பாம்பைப் பற்றியதன்று. பெண்டிர் புருவத்தை மையாற் பொறித்து அழகுசெய்தலைப் பற்றியது என்பது நினையத்தக்கது. மகளின் கைப்பச்சையைக் கடியும் தாயர் பலர், தம் புருவத்தில் அதே ஊசியால் மை ஏற்றியவரே. அதனை அவர் பச்சை எனக் கருதுவதில்லை. தோலை ஊறுபடுத்தலாகாது எனும் விதியே வெறுப்பின் முழுக்காரணமாயின் புருவப் பச்சையும் வெறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அஃது அவ்வாறன்மையின், வெறுப்பு ஊசியின்மேலதன்று. ஊசி சுமந்து வந்த குற்ற நினைவின்மேலதே என்பது பெறப்படும்.

சப்பானில் 2020இல் உச்சநீதிமன்றம், பச்சை குத்துதல் மருத்துவச் செயலன்று எனத் தீர்ப்பளித்தது. கொரிய அரசமைப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பழைய தடையை ஐவர்க்கு நால்வர் என்னும் கருத்து வேறுபாட்டுடன் நிலைநிறுத்தியது. பின்னர் 2025 செப்டம்பர் 25ஆம் நாள் கொரிய நாட்டுப் பேரவை, எதிர்வாக்கு ஒன்றுமின்றிப் பச்சை குத்துவோர்க்கான சட்டத்தை நிறைவேற்றியது. மருத்துவரல்லாதாரும் தேர்வெழுதி உரிமம் பெற்று இத்தொழிலைச் செய்தற்கு இச்சட்டம் வழிசெய்தது. வெளியிடப்பட்டு ஈராண்டு கழிந்தபின் நடைமுறைக்கு வருமாறு அமைந்தது. கைவினைஞர் கையில் ஊசியை ஒப்படைக்க ஒரு நாட்டிற்கு இத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

அயலார் நோக்கும் அயல்வாழ் கொரியர் நோக்கும்

1769இல் குக் என்னும் மாலுமியின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபின், பச்சையைக் குறிக்கும் பொலினீசியச் சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. கப்பலோட்டிகள் தாம் சென்ற கடல்களின் நினைவாகத் தாமே விரும்பிப் பச்சை குத்திக்கொண்டனர். அம்மரபில் ஊசி பெரும்பாலும் உடலுக்கு உரியவன் விருப்பிற்கு அடங்கியது. ஆதலின் இன்றைய மேலைநாட்டான் பச்சையைத் தன் உரிமை என எளிதிற் கூறுகிறான். ஆயின் அவனுலகிலும் மாறுபட்ட நினைவு உண்டு. 1941 முதல் ஆசுவிச்சுக் கொலைமுகாமில் சிறைப்பட்டோர் உடலில் எண்கள் குத்தப்பட்டன. அவ்வெண்களைக் கண்டு வளர்ந்த குடும்பத்தார் பச்சையை நோக்கும் நோக்கு வேறு. கிழக்கு, மேற்கு என்னும் பிரிவு ஈண்டுப் பயன்படாது. ஊசி எவர் கையில் இருந்தது என்பதே ஈண்டும் விடை தருகிறது.

அயல்வாழ் கொரியர் நிலையும் இதனையே காட்டும். 2003இல் தோக்கியோவில் சப்பானை எதிர்த்து நடந்த கால்பந்து ஆட்டத்தில், அந்நாளில் சப்பானியக் குழுவொன்றில் ஆடிவந்த ஆன் சொங்குவான் என்னும் கொரிய வீரர் வெற்றிக்கோல் அடித்தபின், மனைவிமீது கொண்ட அன்பைக் கூறும் தோட்பச்சையைக் காட்டினார். 1480இல் ஒழுக்கக்கேட்டின் சான்றாக ஏட்டில் ஏறியதும் அன்பின் பெயரே. 2003இல் தொலைக்காட்சியிற் கண்டதும் அன்பின் பெயரே. தாயகத்தில் தொழில் தடைப்பட்டிருந்தமையால் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்ற கொரியப் பச்சைக் கலைஞரும் பலர். மெல்லிய கோடுகளால் அமைந்த அவர்தம் பாணி கொரியப் பாணி என்றே உலகில் அறியப்படுகிறது. தாயகம் குற்றமெனக் கண்ட கையை அயல்நாடு கலைஞன் கையெனக் கண்டது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கொரியர் பச்சையை வெறுத்தமை மாறா இயல்பன்று, காலத்தால் விளைந்த நிலை என்பது தெளியலாம். கன்பூசிய நெறி அதற்குச் சொற்களைத் தந்தது. தண்ட நூலும் போர்முகாமும் படையாட்சியும் அதற்கு அச்சத்தைத் தந்தன. பழநூலின் ஒரு தொடரைக் கொண்டு ஒரு மக்களின் ஈராயிரம் ஆண்டு வாழ்வை அளந்துவிடலாம் எனக் கருதுதல் ஆராய்ச்சியாளர்க்கு எளிதில் நேரும் வழுவாகும். நம் இலக்கியங்களைக் கொண்டு பண்டை வாழ்வை வரையப் புகும் நமக்கும் அவ்வழு நேராதிருத்தல் வேண்டும். நூல் விதித்ததனை வாழ்வு எனக் கொள்ளுமுன், விதியைச் செயற்படுத்திய கை எவருடையது, அதனை ஏற்ற உடல் எவருடையது என வினவுதல் நம் கடனாகும்.