விமானியின் உறக்கம்

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளுடன் பம்பாய் ஜூஹூவில் வந்திறங்கினார். அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானத்தைச் செலுத்தியவர் நெவில் வின்சென்ட். ஒரே வழியை இருவர் பங்கிட்டுக்கொண்டனர்.

இன்று விமானங்கள் இரவும் பகலும் பறக்கின்றன. ஆள் போதாதபோது நிர்வாகத்துக்கு இரு வழிகள் உண்டு. புதியவரை நியமித்துப் பயிற்றுவிப்பது ஒன்று. அதற்குப் பல மாதங்கள் செல்லும். இருப்பவரையே மிகுதியாகப் பறக்கச் செய்வது மற்றொன்று. அது சிக்கனமாகத் தோன்றும்.

அந்தச் சிக்கனத்துக்கு எல்லை உண்டு. களைப்பும் உறக்கமும் மனித உடலின் நியதிகள். 2010 மே 22-இல் மங்களூரில் 158 பேர் மாண்ட விபத்தில், தலைமை விமானி பயணத்தில் நெடுநேரம் உறங்கியிருந்தார் என்று விசாரணை கண்டது.

2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. இரவுப் பணியில் அனுமதிக்கப்படும் தரையிறக்கங்களை 6-லிருந்து 2-ஆகக் குறைத்தது. விதிகள் 2025 நவம்பர் 1-இல் முழுமை பெற்றன. ஆயத்தமாகாத இண்டிகோ நிறுவனம் டிசம்பர் 5-ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பின்னர் அந்நிறுவனத்துக்குச் சில விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. ஆள் குறைந்ததற்கு ஓய்வே ஈடாயிற்று.

முலுண்ட் நேயர்களுக்கு இது புதிதன்று. 2018 ஆகஸ்டு 10-இல் மத்திய ரயில்வேயின் மின்ரயில் ஓட்டுநர்கள், காலியிடங்களை நிரப்பக் கோரி மிகைநேரப் பணியை மறுத்தனர். வண்டிகள் பல ரத்தாயின.

மிகைநேரம் கைமாற்றுக் கடன் போன்றது. அவசரத்துக்கு உதவும், அதைக்கொண்டே குடித்தனம் நடத்துதல் ஆகாது.