பிர்காவும் பேரூராட்சியும்

வேடசந்தூரை அடுத்த எரியோடு, அரசு ஏடுகளில் இருவகையாகப் பதிவாகியுள்ள ஊர். வருவாய்த்துறைக்கு அது மாவட்டம், வட்டம், குறுவட்டம் என்னும் படிவரிசையில் அடங்கிய நிலப்பரப்பு, உள்ளாட்சித்துறைக்கோ பேரூராட்சி.

முதற்பகுப்பின் பழம்பெயர்கள் நமக்கு அந்நியமானவையல்ல. ஜில்லா என்பது விலாவையும் பக்கத்தையும் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு. தாலுகா, ‘தஅல்லுக்’ என்னும் சார்பிலிருந்து பிறந்தது. தாசில் என்பது ‘தஹ்ஸீல்’, அதாவது ஈட்டுதல். அகீதாப் பாடத்தில் நாம் பிர்கா என்றால் மாணவர் கொள்கைப் பிரிவை நினைப்பர். வருவாய் ஆய்வாளருக்கு அது சில கிராமங்களின் தொகுதி. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு மாறியது. பாரசீக வழிவந்த இச்சொற்கள் மாறவில்லை.

உள்ளாட்சிப் பகுப்பு அவ்வளவு நிலையானதன்று. 1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம், 5,000 மக்களும் 10,000 ரூபாய் ஆண்டு வருவாயும் உள்ள ஊர்களை நகரப் பஞ்சாயத்துகளாக வகைப்படுத்தியது. பின்னர் வருவாயை வைத்தே இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்னும் தரங்கள் வந்தன. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் நிறுவிய தீவானில் மானியத்திற்கான அளவுகோல் இஸ்லாத்தில் முந்தியமை, இங்கோ வரும்படி. ஊரின் தேவையைக் கேளாத இவ்வளவுகோல் நமக்கு உவப்பானதன்று.

2004இல் தமிழக அரசு, 30,000க்குக் குறைந்த மக்கள்தொகையுடைய 561 பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகள் எனப் பெயர்மாற்றி ஊரக உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. எரியோடும் அவற்றுள் ஒன்று. மத்திய அரசின் ஊரகத் திட்ட நிதி கிட்டும் என்பது நோக்கம். 2006இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின.

காலத்தைக் கவனியுங்கள். அதே 2006 பிப்ரவரியில்தான் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கிற்று. தமிழகத்தில் முதற்கட்டமாகத் தேர்வான ஆறு மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. நகர்ப்புற உள்ளாட்சி எல்லைக்குட்பட்ட இடம் எதுவும் ஊரகமன்று என்று அச்சட்டம் வரையறுத்திருந்தது. மானாவாரிக் காடும் கூலிவேலையும் இருபுறமும் ஒன்றே. எனினும் எல்லைக்கு அப்பாலுள்ள ஊராட்சிக் கூலியாளுக்கு வேலை அட்டை கேட்கும் உரிமை இருந்தது. இப்பாலுள்ளவருக்கு அவர் ஊரின் பெயரே தடையாயிற்று.

2025இல் பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, ஊர்மக்கள் ஆட்சியர் அலுவலகங்களில் மனுக்களோடு நின்றதும் இதுபற்றியே. நூறுநாள் வேலை போகும், வீட்டுவரி ஏறும் என்பது அவர்தம் முறையீடு.