48 வோல்ட்: ஒஸ்லோவில் பிறந்து குரோருட் வீடுகளுக்கு வந்த கதை

விலை குறைந்த மிக்சர்களில் எந்த நிறுவனத்தின் பெட்டியைப் பார்த்தாலும், ஒலிவாங்கிக்கு மின்சாரம் அனுப்ப '48 வோல்ட்' என்று குறித்த சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். அது யப்பானின் யமஹாவாகவோ ஜேர்மனியில் தொடங்கிய பெரிங்கராகவோ அமெரிக்காவின் மேக்கியாகவோ இருக்கலாம், எண் பெரும்பாலும் மாறாது. ஒலிப்பதிவு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட அந்த எண் ஒஸ்லோவில்தான் பிறந்தது. அதே நகரின் குரோருட்டில் பிள்ளையின் பாட்டைப் பதிவுசெய்ய மிக்சர் தேடும் தமிழ்க் குடும்பத்துக்கு, இந்தப் பொத்தானின் வரலாறே நல்ல வழிகாட்டி.

48 வோல்ட் வருவதற்கு முன் வானொலிக் கலையகங்களின் பெருமை வால்வு ஒலிவாங்கிகள்தான். கேயோர்க் நொய்மான் 1928இல் பேர்லினில் தொடங்கிய நிறுவனத்தின் யு 47 அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் வால்வைச் சூடாக்க ஒரு மின்சாரம், அதை இயக்க இன்னொரு மின்சாரம் வேண்டும். அதனால் ஒவ்வொரு ஒலிவாங்கியும் தனி மின்பெட்டியோடும் பல ஊசிகள் கொண்ட தடித்த வயரோடும் வந்தது. நான்கு ஒலிவாங்கி வைத்தால் நான்கு மின்பெட்டிகளையும் சுமக்க வேண்டும்.

1960களில் வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்தது. அதற்குத் தேவையான மின்சாரம் மிகக் கொஞ்சம். அதை ஒலி வரும் வயரிலேயே அனுப்பலாம் என்று பொறியியலாளர்கள் கண்டார்கள். 1964இல் ஷொப்ஸ் நிறுவனம் பிரெஞ்சு வானொலிக்காக அப்படி ஒன்றைச் செய்தது. அதன் அழுத்தம் 9 முதல் 12 வோல்ட். 1966இல் நொய்மான் நிறுவனம் தன் புதிய ஒலிவாங்கியை நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யிடம் கொண்டுவந்தது. தனி மின்பெட்டி வேண்டாம், ஒலி வயரிலேயே மின்சாரம் போகட்டும் என்று என்.ஆர்.கே. கேட்டது. எத்தனை வோல்ட் என்பதற்கு விடை அதன் கலையகங்களுக்குள்ளேயே இருந்தது. அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அதையே பயன்படுத்தினார்கள். கே.எம். 84 என்ற அந்தப் புதிய ஒலிவாங்கி 48 வோல்ட்டோடு வெளிவந்தது.

இந்த ஏற்பாட்டின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. வயரின் மூன்று ஊசிகளில் இரண்டு ஒலியைச் சுமப்பவை. அந்த இரண்டிலும் தலா 6.8 கிலோ ஓம் மின்தடையின் ஊடாக ஒரே அளவு 48 வோல்ட் ஏறுகிறது. மின்சாரம் முதலாம் ஊசி வழியாகத் திரும்புகிறது. இரு கம்பிகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு இல்லாததால், மின்சாரம் தேவைப்படாத டைனமிக் ஒலிவாங்கியைச் செருகினாலும் அதன் சுருளுக்கு ஒன்றும் நேராது. பின்னர் இது ஜேர்மனியின் டி.ஐ.என். 45596 தரநிலையாக எழுதப்பட்டது. ஒரு நிலையத்தின் வசதி எல்லோருக்கும் பொதுவான விதியானது அப்போதுதான்.

நெடுங்காலம் 48 வோல்ட் பெரிய கலையகங்களிலேயே குடியிருந்தது. 1988இல் கிரெக் மேக்கி வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம், தூக்கிச் செல்லக்கூடிய சிறிய மிக்சர்களில் அதைக் கொண்டுவந்தது. 1989இல் ஊலி பெரிங்கர் தொடங்கிய நிறுவனம் உற்பத்தியைச் சீனாவுக்கு நகர்த்தி விலையை மேலும் இறக்கியது. அடுத்து யூ.எஸ்.பி. வந்து மிக்சரைக் கணினியோடு இணைத்தது.

கே.எம். 84 பிறந்த அதே 1966இன் ஒக்டோபரில்தான் குரோருட்டுக்கு நிலத்தடி ரயில் வந்தது. 1980களில் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்த ஈழத்தமிழர் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். குரோருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் இங்கே தமிழோடு இசையும் பயில்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் வீட்டில் நடத்தும் சிறு கச்சேரியை வைத்தே கணக்குப் போடலாம். பாடுபவருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று என்று நான்கு ஒலிவாங்கிகள் வேண்டும். மின் சுருதிப்பெட்டிக்கு லைன் வழி போதும். ஆகவே மிக்சரின் பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. பெரிங்கரின் கியூ802யூ.எஸ்.பி.யில் உள்ளீடுகள் எட்டு, ஆனால் ஒலிவாங்கிக்கு இரண்டுதான். யமஹா எம்.ஜி.10எக்ஸ்.யூ.வில் பத்து உள்ளீடுகள், ஒலிவாங்கிக்கு நான்கு. இவை இரண்டும் கலந்த ஒலியை இரண்டு தடங்களாகவே கணினிக்கு அனுப்பும். மிருதங்கம் ஓங்கிவிட்டால் பிறகு அதை மட்டும் குறைக்க முடியாது. அந்தச் சுதந்திரம் வேண்டுபவர், ஒவ்வொரு வழியையும் தனித் தடமாக அனுப்பும் சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்.டி.கே. போன்றதற்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். ஒரு குரல் மட்டும்தான் என்றால், இரண்டு உள்ளீடுள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ் போதும், மிக்சரே தேவையில்லை.

'ஃபின்' இணையச் சந்தையில் பழைய மிக்சரை வாங்குபவர் 48 வோல்ட் தேவைப்படும் ஒரு கண்டென்சர் ஒலிவாங்கியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒலியளவை முழுதாகக் குறைத்து, வயரைச் செருகி, அதன் பிறகே 48 வோல்ட்டை அழுத்தி, ஒவ்வொரு வழியிலும் பேசிப் பார்க்க வேண்டும். குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்புக் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். சில மலிவான பெட்டிகள் 48க்குக் குறைந்த வோல்ட்டே தரும், விவரக்குறிப்பைப் படித்துவிடுங்கள். சிறிய மிக்சர்களில் எல்லா வழிகளுக்கும் ஒரே பொத்தான் இருப்பது வழக்கம் என்பதால், பழைய ரிப்பன் ஒலிவாங்கி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டே அழுத்த வேண்டும்.

எதிரொலி வித்தைகளின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காமல், நல்ல ஒலிவாங்கி உள்ளீடுகளுக்குக் கொடுப்பதே சரி. எதிரொலியைக் கணினியில் எப்போதும் சேர்க்கலாம். உள்ளே நுழையும்போதே கெட்ட ஒலியைப் பிறகு திருத்துவது கடினம். உள்ளீடு நன்றாக இருந்தால் அன்றைய கே.எம். 84உம் இன்று வாங்கும் மலிவான ஒலிவாங்கியும் அதே பெட்டியில் வேலைசெய்யும், ஏனெனில் 48 வோல்ட் எல்லோருக்கும் பொது. நான்கு உண்மையான ஒலிவாங்கி வழிகள் உள்ள மிக்சரை வாங்குங்கள். மிஞ்சும் குரோனரை உங்கள் பிள்ளையின் குரலுக்குப் பொருந்தும் ஒலிவாங்கிக்கு ஒதுக்குங்கள்.