ஆறு தாய்மாரும் ஒரு செவிலியும்

திருத்தணி மலைமீது வீற்றிருக்கும் முருகனைப் பாலூட்டி வளர்க்கக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் இருந்தனர் என்று புராணம் புகலுகிறது. கடவுட் குழந்தைக்கே ஆறு செவிலியர் தேவைப்பட்டனர் எனில், அம்மலையடிவாரத்து உழவன் மனைவிக்கும் நெசவாளி மனைவிக்கும் ஒரு செவிலியேனும் வேண்டாவா? இந்தக் கேள்வியை நம் நாடு எத்துணைக் காலம் கேளாமலே இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

தொல்காப்பியம் செவிலியின் கூற்றுக்கு இடம் வகுத்தது. சங்கப் பாடல்களில் தலைவியை வளர்த்தவளும் அவள் பிரிவால் வாடியவளும் செவிலித்தாயே. ஏட்டில் இத்துணைச் சிறப்பு! நாட்டிலோ? பேறு பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். நள்ளிரவில் அவள் குடிசையை நோக்கி ஓடினர். பிறந்த குழந்தையை முதலில் ஏந்தியது அவள் கை. பொழுது விடிந்ததும் தீட்டு என்று அவளையே தள்ளி நிறுத்தினர். அவளிடம் கைப்பழக்கம் இருந்தது. நோய்க்கிருமி பற்றிய அறிவை அவளுக்கு எவரும் வழங்கவில்லை. தூய்மையற்ற கத்தி தொப்புள்கொடியை அறுத்தது. இரணஜன்னி சேயைக் கொண்டு சென்றது. பழியை விதியின் தலையில் ஏற்றி அமைதியுற்றனர்.

அறியாமை நம் ஊரின் தனிச்சொத்தன்று. 1847-இல் வியன்னா நகர மருத்துவமனையில், மருத்துவர்கள் பேறு பார்த்த பகுதியில் மருத்துவச்சியர் பகுதியைவிடத் தாய்மார் மிகுதியாக மாண்டனர். பிணமறுத்த கையோடு பேறு பார்க்க வருவதே காரணம் எனச் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார், சாவு சரிந்தது. ஆயினும் படித்தவர் பலர் அவரை ஏற்க மறுத்தனர்.

சென்னையில் 1844-இல் பேறுகால மருத்துவமனை தோன்றியது. 1854-இல் மருத்துவச்சியர்க்குப் பயிற்சி தரும் பள்ளிக்கு அரசு இசைவளித்தது. அறிவு நுழைந்தது, அதன் பின்னே சாதியும் நுழைந்தது! 1885-இல் பெண்களுக்கென மேரி ஷார்லீப் தொடங்கிய மருத்துவமனைக்கு அமைந்த பெயர், 'விக்டோரியா சாதி, கோஷா மருத்துவமனை.' பிள்ளை பெறும் வேதனையிலும் சாதி கேட்ட சமுதாயத்தை அந்தப் பெயர்ப்பலகையே காட்டிக் கொடுக்கிறது. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

திண்டிவனத்தில் ஓரிரவு நிகழ்ந்ததை ஐடா ஸ்கடர் கூறியுள்ளார். பார்ப்பனர் ஒருவர், முசுலிம் ஒருவர், மற்றோர் உயர்சாதி இந்து ஒருவர் என மூவர், பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியர்க்கு உதவ அவரை அழைத்தனர். அவர் அப்போது மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். ஆடவர் கூடாது என்றனர் மூவரும். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். மதங்கள் வேறு, மடமை ஒன்று! அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1900-இல் திரும்பிய ஐடா, 1902-இல் வேலூரில் மருத்துவமனையும் 1909-இல் செவிலியர் பள்ளியும் நிறுவினார். அந்நாளில் திருத்தணியும் வேலூரும் ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தன. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது திருத்தணி அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1-இல் தமிழகத்தோடு மீண்டும் இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறலாம். எல்லைக்கு இப்பால் தமிழ் பேசுபவளுக்கும் அப்பால் தெலுங்கு பேசுபவளுக்கும் பேற்று வலி ஒன்றே.

1926-இல் வந்த சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இப்பணியைப் பதிவுபெற்ற தொழிலாக்கியது. குலத்தின் சுமை கல்வியின் உரிமையாக மாறத் தொடங்கியது. விளைவைக் காணுங்கள்: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2018–20-இல் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. வேண்டுதல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இடையே புதிதாய் வந்தவை பயிற்சியும் கழுவிய கையும் அன்றோ!

ஆயினும் பழைய தீட்டு முற்றும் ஒழிந்ததா? பெண் பார்க்கச் செல்பவர், "நர்சு வேலையா?" என்று முகம் சுளிப்பதை இன்றும் கேட்கிறோம். 2017 நவம்பரில் தொகுப்பூதியச் செவிலியர் பணிநிரந்தரம் வேண்டிச் சென்னையில் போராடியதையும் கண்டோம். தள்ளி நிறுத்தும் முறைதான் மாறியிருக்கிறது.

இளைஞர்களே! நாம் ஒவ்வொருவரும் பிறந்த நாளில் நம்மை ஏந்திய கை ஒன்று உண்டு. அக்கைக்கு உரிய ஊதியத்தையும் உரிய மதிப்பையும் பெற்றுத் தருவோம். எஞ்சியுள்ள அந்த 54 தாய்மாரையும் காக்கும் வழி அதனூடேதான் செல்கிறது.