பாலாற்றங்கரையில் ஒரு தொண்டு

நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கோலார்ச் சீமையைக் கடந்து வரும் பாலாறு, ஆந்திர மாநிலத்தினுள் அடியெடுத்து வைக்கும் இடம் இராமகுப்பம் வட்டாரம். அங்கிருந்து குப்பம் வழியாக 33 கிலோமீட்டர் தொலைவே அம்மாநிலத்தில் ஓடி, பின்னர்த் தமிழகத்தினுள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்களைக் கடந்து, திருமுக்கூடலில் செய்யாற்றோடும் வேகவதியோடும் கலந்து, கடலை நோக்கிச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறுதான். ஆயினும் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்தொலிக்கும் இராமகுப்பத்து மூலையிலிருந்து, கடும்பிணி கண்டவரை அழைத்துக்கொண்டு உறவினர் இரயிலேறுவது இந்த ஆறு செல்லும் திசையில்தான், வேலூருக்குத்தான். மாநில எல்லைகள் வகுக்கப்படுவதற்கு முன்பே ஏற்பட்ட உறவு இது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை, குப்பத்தைத் தன்னகத்தே கொண்டிருந்த கங்குந்தி சமீன் வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

அவ்வேலூரில் 1981ஆம் ஆண்டில் ஊர்த்தொண்டர் சங்கம் ஒன்று, மருத்துவர் ஒருவரோடு கைகோத்துக் குழந்தைகளுக்காகச் செய்த பணியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். நம்மவர் வரலாற்றில் இத்தகைய செய்திகளுக்கு இடம் கிடைப்பது அரிது. திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டொன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே இயங்கிய வீரசோழன் ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மருந்து கொண்டு வருவோர், பிணியாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர் இருந்தனர். அவர்கள் பெற்ற ஊதியம் இன்னதென்றும், இருப்பிலிருந்த மருந்துகள் இவையிவை என்றும் கல்லில் பொறித்து வைத்தனர். போற்றத்தக்க ஆவணமே. எனினும் கூலி பெற்றவர் கணக்கில் ஏறினர். கூலி பெறாமல் ஓடியாடி உதவியவர் எவரேனும் இருந்திருப்பின் அவர் கணக்கில் ஏறவில்லை. தொண்டு என்பதற்கு வரவு செலவு ஏடு இல்லாமையால் நேர்ந்த குறை இது என்று கருதுகிறோம்.

வேலூரில் அப்பணியில் முன்னின்றது ரோட்டரி சங்கம். சுழற்சங்கம் என்று நம் தமிழ் அன்பர்கள் இதற்குப் பெயரிட்டனர், பொருத்தமான பெயரே. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஆரிசு என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடினார். உறுப்பினர் ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுழன்று கூடியதால் அப்பெயர் வாய்த்தது. 1919இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் அது கிளை விட்டது. பின்னாளில், 1962இல் பள்ளி மாணவர்க்கென இண்டராக்ட் என்றும், 1968இல் இளைஞர்க்கென ரோட்டராக்ட் என்றும் துணைச் சங்கங்கள் தோன்றின. இவை வாரந்தோறும் கூடி விருந்துண்டு, மாலை சூட்டிக்கொண்டு, படமெடுத்துக்கொண்டு கலையும் கூட்டங்களே என்று ஏளனம் செய்வோர் உளர். அவ்வேளனத்தில் உண்மை சிறிதும் இல்லையென்று வாதிட யாம் வரவில்லை. ஆனால் வேலூரில் நிகழ்ந்தது வேறு வகையானது.

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ, பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்குவது. முதலில் எளிய காய்ச்சலாகவே தோன்றும். ஓரிரு நாளில் கால் துவண்டுவிடும். இளைத்த காலைக் கையால் ஊன்றி நடந்த பிள்ளைகளை நம் தலைமுறையினர் ஒவ்வொரு தெருவிலும் கண்டிருக்கின்றனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய மருத்துவர் மேரி வர்கீசு, 1954இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை செய்தவர். கால் இழந்தபின் செய்யத்தக்கதை அவர் செய்தார். கால் இழவாமல் காக்கும் வழியை அதே கல்லூரியில் குழந்தை மருத்துவரும் நச்சுயிரி ஆய்வாளருமான டி. ஜேக்கப் ஜான் தேடிக்கொண்டிருந்தார்.

வாய்வழிச் சொட்டு மருந்து அப்போது உலகிற்குப் புதிதன்று. மேலைநாடுகளில் மூன்று தவணையில் நோய் அடங்கிற்று. இங்கோ மூன்று தவணை பெற்ற குழந்தைகளிலும் சிலரை வாதம் தாக்கிற்று. வெயிலில் மருந்து கெட்டுவிடுகிறது, பனிக்கட்டியில் வைத்துக் காக்கத் தெரியவில்லை என்று பலர் காரணம் கூறினர். ஜேக்கப் ஜான் குருதியை ஆய்ந்து பார்த்தார். முறையாகக் குளிரில் காக்கப்பட்ட மருந்தைக் கொடுத்தும் நம் குழந்தைகளில் கணிசமானோர்க்கு மூன்று தவணையில் எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்பது புலனாயிற்று. குறை மருந்தைக் கையாண்டவரிடம் இல்லை; இம்மண்ணின் குழந்தைகளுக்குத் தவணை கூடுதலாக வேண்டும் என்பதே அவர் கண்ட முடிபு. மேலும், ஒவ்வொரு குழந்தையும் தனக்கு உகந்த நாளில் வந்து மருந்து பெறுவதைக் காட்டிலும், ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் குறித்த நாள்களில் ஒருசேரக் கொடுத்தால் நச்சுயிரி பரவ இடமின்றிப் போகும் என்றும் அவர் எண்ணினார். நாடித் துடிப்பைப்போல் விட்டுவிட்டு நிகழ்வதால் அம்முறைக்குப் பல்ஸ் என்று பெயர் வந்தது.

இங்கேதான் தொண்டர்கள் வருகின்றனர். ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை, ஐந்து தவணை வேண்டும் என்கிறது. ஐந்து தவணை என்றால் ஒரு தாய் ஐந்து முறை கூலியை விட்டுவிட்டு, நோயற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கேட்பவள், நலமாக விளையாடும் பிள்ளைக்கு ஏன் மருந்து என்று வினவுவாள். அதற்கு விடை கூற மருத்துவர் தெருத்தெருவாகச் செல்லுதல் இயலாது; அரசு செவிலியர் சிலரே. அடுத்த தெருவிலிருக்கும் மளிகைக் கடைக்காரரோ, பள்ளி ஆசிரியரோ வந்து சொன்னால் அவள் செவிசாய்ப்பாள். பனிக்கட்டி திரட்டவும், பெட்டிகளை மையங்களுக்குக் கொண்டு சேர்க்கவும், ஒலிபெருக்கி கட்டவும், வராத வீடுகளைத் தேடிச் செல்லவும் ஆட்கள் வேண்டும். 1981இல் வேலூர் நகரில் இம்முயற்சி நடந்தபோது ரோட்டரி சங்கத்தார் தோள் கொடுத்தனர். நகரில் போலியோ அடங்கிய செய்தி 1983இல் பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. இந்தியாவில் ஒரு முழு நகரம் இவ்வாறு பல்ஸ் முறையால் அந்நோயைக் கட்டுப்படுத்திக் காட்டியமை, தில்லியோ பம்பாயோ செய்வதற்கு முன் பாலாற்றங்கரை ஊர் செய்த செயல். இதில் யாம் சிறிது பெருமை கொள்வதை வாசகர் பொறுத்தருள்க.

இம்முயற்சி நகரோடு நின்றுவிடவில்லை. 1980களின் பிற்பகுதியில் வடஆர்க்காடு மாவட்டம் முழுவதற்கும் போலியோக் கட்டுப்பாட்டுத் திட்டம் விரிந்தது. அதனுடன் ஒரு கண்காணிப்பு முறையும் தோன்றியது. தனியார் மருத்துவர்களும் மருத்துவமனைகளும் தம்மிடம் வந்த குறிப்பிட்ட நோய்களை அச்சிட்ட அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் போதும். அவற்றைத் தொகுத்து, எவ்வூரில் எந்நோய் என்று மாதந்தோறும் அவர்களுக்கே மடலாகத் திருப்பி அனுப்புவர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி அதற்கு இட்ட பெயர் நம் செவியில் 'நாடி' என்றே ஒலிக்கிறது. கணிப்பொறி பரவாத காலத்தில், தபால்காரரின் பையை நம்பி ஒரு மாவட்டத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தனர். கூலி கொடுத்தோ சட்டம் போட்டோ அம்மருத்துவர்களை எழுதச் செய்யவில்லை. அவர்கள் எழுதியதற்குப் பயன் உண்டென்று அவர்களுக்கே காட்டியதால் எழுதினர்.

உலக அரங்கில் 1979இல் பிலிப்பைன்சு நாட்டுக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தளிக்கும் ஐந்தாண்டுப் பணியை ரோட்டரி மேற்கொண்டிருந்தது. 1985இல் போலியோ பிளசு என்னும் உலகளாவிய திட்டத்தை அறிவித்தது. 1988இல் உலக நலவாழ்வுப் பேரவை அந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தது. இந்தியா முழுவதும் பல்ஸ் போலியோ நாள் தொடங்கியது 1995 டிசம்பரில். பள்ளிகளிலும் கோயில் திண்ணைகளிலும் பேருந்து நிலையங்களிலும் மேசை போட்டு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் சங்கங்களின் இளைஞரும் அமர்ந்தனர். மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சிறுவிரல் நகத்தில் மை தீட்டப்பட்டது. வீட்டுக் கதவுகளில் சுண்ணக்கட்டியால் குறியிடப்பட்டது. அன்று சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், பிணியென்றால் என்னவென்று நூலில் கற்றதை விட அதிகமாகத் தெருவில் கற்றிருப்பர்.

வெற்றி விரைவில் வந்துவிடவில்லை. 2009இல் நாடெங்கும் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். உத்தரப் பிரதேசமும் பீகாரும் பெரிதும் துன்புற்றன. மறு ஆண்டு அவ்வெண்ணிக்கை 42 ஆயிற்று. 2011 சனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஆவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு நோய் கண்டதே இறுதி. 2014 மார்ச்சு 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. சொட்டு மருந்தால் மிக அரிதாக வாதம் உண்டாகக்கூடும் என்பதையும், ஊசி மருந்தே கடைசிப் படி என்பதையும் ஜேக்கப் ஜான் நெடுங்காலம் வற்புறுத்தி வந்தார். 2015 இறுதியில்தான் அவ்வூசி நம் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெற்றது. தொண்டின் பெருமையைப் பாடும்போது இதனை மறைப்பது முறையன்று.

இராமகுப்பம் போன்ற எல்லைப்புற ஊர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கட்டட வேலைக்குப் பெங்களூர் செல்லும் குடும்பத்தின் குழந்தை, ஒரு மாநிலத்தில் கணக்கெடுக்கும் நாளில் மற்றொரு மாநிலத்தில் இருக்கும். இரு பக்கத்துப் பதிவேட்டிலும் விடுபட்டுப் போகும். அதனாலேயே சொட்டு மருந்து நாள்களில் இரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் தனிக்குழுக்கள் நிறுத்தப்படுகின்றன. வண்டி நிற்கும் சில நிமிடங்களில் பெட்டிபெட்டியாக ஏறி இறங்கும் அத்தொண்டர்கள், தாயிடம் ஊரையும் மொழியையும் கேட்பதற்கு முன் குழந்தையின் இடக்கையைப் பிடித்துச் சிறுவிரலைத்தான் பார்க்கின்றனர்.